ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்த (வெல்டிங் செய்த) இடத்தைக் கவனியுங்கள்

ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, காற்றும் நீரும் எஃகைத் தொடாமல் தடுக்கும் மேலுறை மட்டுமன்று. கீறல் விழுந்து உள்ளிருக்கும் எஃகு வெளியே தெரிந்தாலும், இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, எஃகைக் காத்து நிற்கிறது. ஆனால் இந்தக் காவல் சில மில்லிமீட்டர் அகலத்துக்கே எட்டும்.

பற்றவைக்கும்போது, துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகி 907 டிகிரியில் ஆவியாகிவிடுவதால், பற்றின் இருபுறமும் பூச்சே இல்லாத பட்டை ஒன்று மிஞ்சும். மொட்டைமாடிக் கொட்டகைகளில் செந்துருக் கோடு முதலில் விழுவது அங்கேதான். ஆகவே பற்றின்மேல் படிந்த கசடைத் தட்டி, உலோகம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பெயிண்ட்டை இருமுறை பூசுங்கள். சாதாரண வெள்ளி நிறப் பெயிண்ட் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இந்தக் காப்பைத் தராது. பற்றவைக்கையில் எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரக்கூடும் என்பதால், காற்றோட்டமான இடத்திலேயே வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.