'ரெலிக்ஸ்' தொகுப்பை எப்படிக் கேட்பது

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'ரெலிக்ஸ்' 1971ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில், ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் மலிவு விலை முத்திரையான ஸ்டார்லைனில் வெளிவந்தது. 'பழம்பொருள்களும் அபூர்வங்களும் அடங்கிய விசித்திரத் தொகுப்பு' என்று பொருள்படும் துணைத்தலைப்பு அதற்கு உண்டு. மலிவுப் பதிப்பு, அதிலும் பெரும்பாலும் பழைய பாடல்கள் என்பதால், இக்குழுவின் ரசிகர்களிலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு குழு தன் முதன்மைப் பாடலாசிரியரான சிட் பேரட்டை இழந்து, எஞ்சியவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டெழுதவும் பாடவும் கற்றுக்கொண்ட கதை, இதன் 11 பாடல்களில் ஏறத்தாழ 50 நிமிடங்களுக்குள் அடங்கியிருக்கிறது. அந்தக் கதை காதில் விழ வேண்டுமானால் சற்று முறையோடு கேட்க வேண்டும்.

முதலில் எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்யுங்கள். தொகுப்பின் மூன்றாம் பாடலான 'சீ எமிலி ப்ளே' மோனோவாக, அதாவது ஒரே ஒலித்தடமாகக் கலக்கப்பட்ட பாடல்; 1971 தட்டில் அதைச் செயற்கையாக ஸ்டீரியோவாக (இடம், வலம் என இரு ஒலித்தடங்களாக) மாற்றிச் சேர்த்தார்கள், அதனால் ஒலி சற்றுக் கலங்கித் தெரியும். தெளிவாகக் கேட்க விரும்புபவர்களுக்கு 1996இல் மெருகேற்றி வெளியிடப்பட்ட குறுந்தகடு ஏற்றது. அட்டைப்படத்திற்காகத் தேடுபவர்கள் பழைய தட்டையே வாங்கலாம். டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் மையால் வரைந்த, பல உறுப்புகளை ஒட்டவைத்தது போன்ற ஒரு விநோத இயந்திரம் அதில் இருக்கிறது. இசைக்கு வருமுன் அவர் கட்டடக்கலை மாணவராக இருந்தவர் என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தாலே விளங்கும். 1996 பதிப்பின் அட்டையில் இருப்பது, அந்த ஓவியத்தைப் பார்த்து உருவாக்கிய மாதிரியின் நிழற்படம்.

அடுத்து, ஒரு தாளில் பாடல்களை எழுதியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிட் பேரட் மூன்று, கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் இரண்டு, பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் நான்கு, குழுவாகச் சேர்ந்து உருவாக்கியவை இரண்டு. பாடியவர் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒன்று புலப்படும்: கடைசியில் நிற்கும் 'பைக்' நீங்கலாக, மற்ற பத்துப் பாடல்களும் ஏறத்தாழப் பதிவு செய்யப்பட்ட கால வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே முதல் முறை கேட்கும்போது 'பைக்' பாடலை எடுத்து 'சீ எமிலி ப்ளே'க்கு அடுத்ததாக, நான்காம் இடத்தில் வையுங்கள். 1967இல் வெளிவந்த முதல் முழுநீள இசைத்தட்டின் இறுதிப் பாடல் என்பதால், காலப்படி அதற்குரிய இடம் அதுதான்.

இப்போது கேட்கத் தொடங்கலாம். 'ஆர்னால்ட் லேன்' 1967 மார்ச்சில் வந்த முதல் சிங்கிள், அதாவது பக்கத்திற்கு ஒரு பாடல் கொண்ட சிறு தட்டு. நிலவொளியில் கொடியில் உலரும் பெண்களின் உடைகளைத் திருடும் ஒருவனைப் பற்றிய அந்தப் பாடலை, பேரட் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத குரலில், ஏதோ குழந்தைக் கதை சொல்வது போலப் பாடுகிறார். அடுத்து வரும் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' பாடல் வரிகள் இல்லாத, பத்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைந்த இசை. இதை மட்டுமாவது ஹெட்போனில் கேளுங்கள். படியிறங்குவது போன்ற கிட்டார் வரி தொடக்கத்தில் வந்து, நடுவில் முற்றிலும் கலைந்து, முடிவில் மீண்டும் திரள்கிறது. அப்போது ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறி மாறிப் பாய்கிறது. மூன்று நிமிடப் பாடலையும் இந்த நீண்ட அலைவையும் ஒரே குழு ஒரே ஆண்டில் செய்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வருபவை எல்லாம் எளிதில் விளங்கும்.

'ரிமெம்பர் எ டே', 'பெயின்ட் பாக்ஸ்' இரண்டும் ரைட் எழுதிப் பாடியவை. முதலாவதில் டிரம்ஸ் வாசித்தவர் மேசன் அல்லர், தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித். பேரட்டின் கிட்டார் அதில் பின்னணியில் சறுக்கிச் சறுக்கிப் போவதைத் தவறவிடாதீர்கள். குழுவில் அவர் இருந்த கடைசி மாதங்களின் ஒலி அது.

இங்கே தட்டைத் திருப்ப வேண்டும், கதையும் திரும்புகிறது. பேரட் விலகிய செய்தி 1968 ஏப்ரலில் வெளியானது. அதே மாதம் வந்த சிங்கிளின் பின்பக்கப் பாடல்தான் 'ஜூலியா ட்ரீம்'. எழுதியவர் வாட்டர்ஸ், பாடியவர் புதிதாகச் சேர்ந்த கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர். 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்' பாடலுக்கு அறையின் விளக்கைத் தணித்துவிட்டு உட்காருவது நல்லது. பேஸ் கிட்டார் ஒரே சுரத்தின் கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் ஊசலாட, ஆர்கன் மெல்லப் படர்ந்து, வாட்டர்ஸின் அலறல் அதைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. சொற்களே தேவையில்லாமல் ஓர் அச்சத்தை வளர்த்தெடுக்க முடியும் என்பதைக் குழு இதில் கற்றுக்கொண்டதாகவே நான் கேட்கிறேன். 1969இல் 'மோர்' திரைப்படத்திற்காகச் செய்தவற்றில், பறவைகளின் ஒலியோடு தொடங்கி ஆர்கனில் கரையும் 'சிரஸ் மைனர்' எனக்கு மிகவும் பிடித்தது. 'தி நைல் சாங்' அதற்கு நேர் எதிர். சுருதி மேலேறிக்கொண்டே போக, கில்மர் கத்திப் பாடுகிறார். அதுவரை எந்தத் தட்டிலும் வெளிவராதிருந்த ஒரே பாடல் 'பைடிங் மை டைம்'. வாட்டர்ஸ் பாட, ரைட் டிராம்போன் ஊதுகிறார்.

சில நாள் இடைவெளி விட்டு, இரண்டாம் முறை தொகுப்பின் சொந்த வரிசையிலேயே கேளுங்கள். 'பைடிங் மை டைம்' முழக்கத்தோடு முடிந்ததும், இரண்டாண்டு பின்னோக்கிச் சென்று, பேரட்டின் குரல் தன் சைக்கிளைக் காட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லும். பிறகு கடிகாரங்களும் மணிகளும் சேர்ந்து இரைந்து, வாத்துச் சிரிப்பு போன்ற ஓர் ஓசை திரும்பத் திரும்ப ஒலித்துத் தேயும். முதல் முறை துள்ளலாக ஒலித்த அதே பாடல், மற்ற மூவரின் குரல்களையும் கேட்டு முடித்த பின் வரும்போது, வெளியேறிவிட்ட ஒருவர் வாசலில் வந்து நிற்பதைப் போல இருக்கும்.

இதற்குப் பிறகும் ஆர்வம் தணியாதவர்கள், தொகுப்பில் இடம்பெறாத 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' பாடலைத் தேடியெடுத்து, 'பெயின்ட் பாக்ஸ்' பாடலுக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். 1967 நவம்பரில் வந்த சிங்கிளில் அவ்விரண்டும் ஒரே தட்டின் இரு பக்கங்கள்.