கோயம்பேட்டில் வீட்டுக்குக் காய்கறி வாங்க

கோயம்பேடு சந்தை மொத்த வியாபாரிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வடபழனியில் சிறிய மெஸ் நடத்தும் நான் உறுதியாகச் சொல்கிறேன்: ஐந்து கிலோ வாங்குகிறவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. சென்னையின் பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தவிர்க்க 1996-இல் திறந்த சந்தை இது. பரப்பு 295 ஏக்கர். காய், பழம், பூ மூன்றுக்கும் தனித்தனி வளாகம் என்பதால், ஆட்டோக்காரரிடம் எது வேண்டும் என்று சொல்லியே ஏறுங்கள்.

லாரிகள் இரவில் சரக்கு இறக்கும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் போனால் போதும். பெரிய கடைகளில் மூட்டை, பெட்டிக் கணக்குதான். சில்லறைக் கடைகளில் கிலோவாகக் கிடைக்கும். ஒரு சுற்று விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தக்காளிதான் ஆளைச் சோதிக்கும். மேலே அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்காமல், அடியிலிருந்து இரண்டை எடுத்துப் பாருங்கள். ரசத்துக்குப் புளிப்புள்ள நாட்டுத் தக்காளி. நாலைந்து நாள் வைத்திருக்கத் தடித்த தோலுள்ள பெங்களூர்த் தக்காளி. வெங்காயத்தின் கழுத்தை அழுத்துங்கள். மெத்தென்று ஈரமாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் ஒடித்ததை நீங்களே எடைபோட்டு வாங்குங்கள். அதைக் குவியலில் போட்டுவிட்டு வருவது நியாயமே இல்லை.

தலையில் மூட்டையோடு வருபவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. பின்னாலிருந்து குரல் கேட்டதும் ஓரமாக நகர்ந்துவிடுங்கள். சரக்கு ஏற்றிவரும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கும் அப்படித்தான். வழியின் நடுவில் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பது அவர்கள் கூலியில் கை வைப்பது. இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

தடித்த துணிப்பைகள், சில்லறை, வழுக்காத செருப்பு மூன்றும் கட்டாயம். மழை பெய்தால் தரை முழுவதும் சேறுதான்.

ஆயுத பூஜைக்குச் சாமந்தியை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடலாம்; விலை ஏறுவதற்குள் கிடைக்கும், வாடாது. மல்லிகை அவ்வளவு தாங்காது, அன்றே வாங்குங்கள்.

வெங்காயம் மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து ஒரு மூட்டையாக எடுங்கள். மொத்த விலையும் கிடைக்கும், ஆட்டோ கூலியும் பங்கிட்டுக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் மூட்டையைத் தரையில் கொட்டி, நசுங்கியதை முதலில் பொறுக்கிவிடுங்கள்.