பேஸ் கிட்டாருக்கு ஒட்டுப்பலகையில் ஸ்பீக்கர் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாருக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்ய முனைபவர்கள் மூலை மட்டத்திலும் மேற்பூச்சிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பெட்டிக்குள் அடைபடும் காற்றின் அளவில் காட்டுவதில்லை. பெட்டி நன்றாக ஒலிப்பதும் ஒலிக்காமல் போவதும் அந்தக் காற்றைப் பொறுத்தே அமைகின்றன. ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்புக்குப் பின்னால் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது. கூம்பு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வரும், ஒலி எந்த ஸ்வரம் வரை வலுவாக இருக்கும், எதற்குக் கீழே மெலியும் என்பனவற்றை ஸ்பீக்கரும் அந்தக் காற்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரியவை ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன்பே நடந்துவிடுபவை.

முதல் தவறு, கைக்குக் கிடைத்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பெட்டியைத் தொடங்குவது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட ஆய்வும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கி எழுதிய கட்டுரைகளும் வந்த பிறகு, ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் எஃப்எஸ் (கூம்பு இயல்பாக அதிரும் அலைவெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பது), வாஸ் (கூம்பின் தொங்கலுக்கு நிகரான விறைப்புள்ள காற்றின் அளவு), எக்ஸ்மேக்ஸ் (கூம்பு பிசகில்லாமல் நகரக்கூடிய தூரம்) என்ற அளவுகள் இருக்கும். அவை தெரியாத ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்கு ஒப்பானது. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஸ்பீக்கர் உருவத்தில் பேஸ் ஸ்பீக்கரைப் போலவே இருந்தாலும், அதன் கூம்பு மிகக் குறைந்த தூரமே நகரக்கூடியது. தாழ்ந்த ஸ்வரங்களை ஓங்கி வாசித்தால் சீக்கிரமே கெட்டுவிடும். காருக்கான சப்வூஃபரைப் போடுபவர்களும் உண்டு. அது தாழ்வாக இறங்கும். ஆனால் வாட்டை ஒலியாக்கும் திறன் மிகக் குறைவு. ஒரு வாட்டுக்கு 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கும் 85 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் 12 டெசிபெல். அதை ஈடுகட்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஏறத்தாழ 16 மடங்கு வாட் கொடுக்க வேண்டும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெளியளவையும் உள்ளளவையும் குழப்பிக்கொள்வது. நான் செய்த முதல் பெட்டி இதனாலேயே கெட்டது என்பதால் கணக்கை முழுவதுமாகச் சொல்கிறேன். வெளியளவு 60, 50, 40 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 120 லிட்டர். பலகையோ 18 மில்லிமீட்டர் தடிமன். எதிரெதிர்ப் பலகைகள் இரண்டுக்குமாக ஒவ்வொரு அளவிலும் 3.6 சென்டிமீட்டர் கழித்தால் உள்ளே இருப்பது 56.4, 46.4, 36.4, அதாவது 95 லிட்டர்தான். முன்வலைக்கு இடம் விட்டு முகப்புப் பலகையை 3 சென்டிமீட்டர் உள்ளே தள்ளியதில் மேலும் 8 லிட்டர் போயிற்று. ஸ்பீக்கரின் காந்தமும் கூடை போன்ற சட்டகமும், குறுக்குச் சட்டங்களும், மூலை ரீப்பர்களும், பெட்டிக் காற்று வெளியே போய்வர வைக்கும் போர்ட் குழாயும் அடைத்துக்கொண்ட இடத்தையும் கழித்தபோது எஞ்சியது ஏறக்குறைய 80 லிட்டர். நான் போர்ட்டின் நீளத்தை 120 லிட்டருக்குக் கணக்கிட்டு, போர்ட்டும் பெட்டியும் சேர்ந்து முழங்கும் அலைவெண் 45 ஹெர்ட்ஸ் என்று எண்ணியிருந்தேன். அது உண்மையில் 55 ஹெர்ட்ஸில் போய் நின்றது. அடித்தந்தியின் முதல் சில ஸ்வரங்கள் மெலிந்தும், அவற்றுக்கு மேலே உள்ள இரண்டு மூன்று ஸ்வரங்கள் மட்டும் திடீரென்று வீங்கியும் கேட்டன. ஆம்பில் எந்தக் குமிழைத் திருகினாலும் அது சரியாகவில்லை. ஆகவே ஸ்பீக்கருக்கு வேண்டிய நிகர லிட்டரில் தொடங்கி, அடைபடும் இடத்தை அதனுடன் கூட்டி, பலகைத் தடிமனைச் சேர்த்து, வெளியளவுக்குக் கடைசியில் வந்து சேர வேண்டும்.

போர்ட்டைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. 80 லிட்டர் பெட்டியை 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயால் 45 ஹெர்ட்ஸில் முழங்கும்படி இசைக்க வேண்டுமானால் சூத்திரம் 14.4 சென்டிமீட்டர் நீளம் என்று சொல்லும். அதை அப்படியே வெட்டுவது தவறு. குழாயின் இரு முனைகளுக்கு வெளியிலும் சிறிதளவு காற்று குழாயோடு சேர்ந்தே அசைவதால், விட்டத்தில் ஏறக்குறைய 0.73 பங்கைக் கழித்துவிட வேண்டும். கடைசியில் வெட்ட வேண்டியது 7 சென்டிமீட்டர் அளவுதான். குழாயைச் சற்று நீளமாகவே வெட்டி வைத்துக்கொண்டு, ஒட்டாமல் பொருத்திப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என் பழக்கம். இடம் மிச்சம் என்று ஒடுக்கமான குழாயைப் போட்டால் காற்று அதில் வேகமாகப் பாய்ந்து ‘புஸ் புஸ்’ என்று இரையும். இரண்டு குழாய்கள் வைத்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றைக் குழாயைவிட மிகவும் நீளமாக வேண்டும். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே குறைந்தது குழாயின் விட்டம் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும்.

போர்ட் உள்ள பெட்டியில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. பெட்டியை இசைத்த அலைவெண்ணுக்குக் கீழே போகப் போகக் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிப்பதை விட்டுவிடும். நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் அடித்தந்தி 31 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸுக்கு இசைத்த பெட்டியில் ஐந்தாம் தந்தியை ஓங்கி அடித்தால் கூம்பு எல்லை மீறி ஆடும், ஆனால் காதில் விழும் ஒலி அதற்கேற்ப வராது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் கணக்கு பெரும்பாலும் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் தாங்கும் வெப்பத்தைக் குறிப்பதே அன்றி, கூம்பு தாங்கும் ஆட்டத்தைக் குறிப்பதன்று. ஐந்து தந்தி வாசிப்பவர்கள் 30 ஹெர்ட்ஸுக்கு அருகில் கீழ் அலைவெண்களை வடிகட்டும் ஃபில்டரை ஆம்புக்கு முன்னால் வைத்துக்கொள்வது ஸ்பீக்கரைக் காப்பாற்றும். இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்கள் மூடிய பெட்டியையே செய்யலாம். அதில் சிறு பிசகுகள் இந்த அளவுக்குத் தண்டிப்பதில்லை.

பலகையில் செய்யும் தவறு இரு திசைகளிலும் நடக்கிறது. மலிவான ஒட்டுப்பலகையின் நடு அடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கும். அவற்றுக்குள் தளர்ந்து கிடக்கும் சிறு சில்லு ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் ‘கிர்ர்’ என்று அதிரும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாங்கும்போது பலகையின் விளிம்பைப் பார்த்தாலும், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாலும் ஓட்டை உள்ள இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். மறுபுறம், தடிமன் கூடினால் போதும் என்று எண்ணி, தூக்க முடியாத பெட்டியைச் செய்பவர்கள் உண்டு. மேலே சொன்ன அளவுள்ள பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிர்ச் மர ஒட்டுப்பலகை மட்டும் ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். 12 மில்லிமீட்டரில் 12 கிலோ. விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்பது உண்மை. 18 மில்லிமீட்டர் பலகை 12 மில்லிமீட்டர் பலகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் மெல்லிய பலகையின் நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றை ஒட்டினால் அதே விறைப்பை மிகக் குறைந்த எடையில் பெறலாம். சட்டத்தைச் சரிபாதியில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் இரு பகுதிகளும் ஒரே ஸ்வரத்தில் அதிர்வதைத் தவிர்க்கலாம்.

காற்றுக் கசிவை எல்லோரும் சிறு குறையாக நினைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறி இறங்கும்போது, நூலிழை அளவு இடைவெளியிலும் காற்று சீறிக்கொண்டு வெளிவரும். மூடிய பெட்டியில் பேஸ் மெலியும். எதிர்ச்சுவர்களுக்கான பலகைகளை ரம்பத்தின் வேலியை (பலகையைச் சாய்த்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தை) நகர்த்தாமல் ஒரே அமைப்பில் வெட்டினாலே பாதிக் கசிவு தவிர்ந்துவிடும். மிச்சத்துக்கு, ஒட்டிய எல்லா உள்மூலைகளிலும் மரப்பசையை விரலால் தடவி ஒரு வரி போட வேண்டும். கேபிள் செருகும் ஜாக் தகடும் கைப்பிடிக் குழியும் மறக்கப்படும் இடங்கள். இரண்டுக்கும் அடியில் நுரை நாடா வைக்க வேண்டும். புளித்த வாடை வீசும் வகை சிலிக்கோனைப் பெட்டிக்குள் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அது உலரும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். சோதிப்பது எளிது: போர்ட் இருந்தால் துணியால் இறுக அடைத்துவிட்டு, விரல்களை விரித்துக் கூம்பைச் சீராகவும் மெதுவாகவும் உள்ளே அழுத்தி விட வேண்டும். கூம்பு சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றைப் பிடிக்கிறது; சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது.

ஸ்பீக்கரைப் பொருத்தும் வட்டத்தை, 12 அங்குலம் என்ற பெயரை நம்பி வெட்டக் கூடாது. விவரத்தாளில் உள்ள துளை அளவு அதைவிடச் சிறியதாகவே இருக்கும். மரத் திருகாணிகள் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டியதும் பிடிப்பை இழந்துவிடும். பின்பக்கம் டி-நட் (பலகையில் பதியும் பற்களுள்ள நட்) பதித்து போல்ட் போடுவதே நிலைக்கும். இதில் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். ஸ்பீக்கர் இடத்தில் இருக்கும்போது டிரில்லைத் தொடாதீர்கள். முனை வழுக்கினால் கூம்பு கிழியும். வழுக்காவிட்டாலும் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், அது சுருளின் இடைவெளிக்குள் போனால் திரும்ப எடுப்பது அரிது.

ஒயரிங்கில், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் போட்டால் 2 ஓம், இதைப் பல ஆம்புகள் தாங்காது. ஸ்பீக்கர் வாங்கும் முன்பே ஆம்பின் பின்புறத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமைப் பார்த்துவிட வேண்டும். ஒரு ஸ்பீக்கரின் முனைகளை மட்டும் மாற்றி இணைத்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் முழுவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்து, இரண்டு கூம்புகளும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பார்த்துவிட்டே மூட வேண்டும். ஆம்பிலிருந்து பெட்டிக்குக் கிட்டார் கேபிளைப் போடக் கூடாது; அதன் நடுக்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தில் சூடாகும்.

இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேடையின் ஓரத்தில் நிற்பவருக்கும் மேல் ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்கும். உள்சுவர்களில் பஞ்சு விரிப்பு ஒட்டலாம், போர்ட்டின் வாயை மட்டும் அது மறைக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பாடலை வாசித்துப் பார்ப்பதற்கு முன், 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியை மிதமான அளவில் விட்டுப் பெட்டியைச் சுற்றி வாருங்கள். எந்த அலைவெண்ணில் எந்த மூலை அதிர்கிறது என்பது அப்போது தெளிவாகக் கேட்கும். கைப்பிடியா, முன்வலையா, உள்ளே தொங்கும் ஒயரா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள், அழுத்தும்போது எது அடங்குகிறதோ அதுவே காரணம். ஸ்பீக்கரின் போல்ட்களை ஓரிரு வாரம் வாசித்த பிறகு மீண்டும் ஒருமுறை, எதிரெதிராக மாறி மாறி, இறுக்கிவிடுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியிலும் நுரை நாடா வைத்திருந்தால் அது அதற்குள் நன்றாக அமுங்கியிருக்கும்.