பிளஸ் டூ சமூகவியல்: "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று எழுதிக் கெடுக்கும் விடைகள்

சிபிஎஸ்இ பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் சமூகவியல் எடுக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "கதை மாதிரி இருக்கு, கடைசி மாசம் படிச்சுக்கலாம்." குடும்பம், சாதி, சந்தை, கிராமம், நகரம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் பிறந்ததிலிருந்து நாம் பார்த்து வருபவை. அந்தப் பழக்கம்தான் மதிப்பெண்ணைத் தின்கிறது. கேள்வியைப் பார்த்ததும் படித்தது நினைவுக்கு வருவதில்லை, வீட்டில் கேட்டதுதான் கைக்கு வருகிறது.

இதில் முதல் பலி கலைச்சொற்கள். சமூகத்தைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பை (சாலிடாரிட்டி) பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைம் 'மெக்கானிக்கல் சாலிடாரிட்டி', 'ஆர்கானிக் சாலிடாரிட்டி' என்று பிரித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கானிக் என்றதும் நமக்கு இயற்கை விவசாயக் காய்கறி நினைவுக்கு வருகிறது, மெக்கானிக்கல் என்றதும் தொழிற்சாலை. உடனே கிராமத்துக்கு ஆர்கானிக், நகரத்துக்கு மெக்கானிக்கல் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி நம்பிக்கை உள்ள சிறிய சமூகத்தைப் பிணைப்பது மெக்கானிக்கல். நவீன சமூகத்தில் ஆளுக்கொரு வேலை. இதயமும் நுரையீரலும் வெவ்வேறு வேலை செய்துகொண்டே ஒன்றையொன்று நம்பியிருப்பதுபோல் மனிதர்களும் ஒருவரையொருவர் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் அது ஆர்கானிக், அதாவது உடலுறுப்புகளைப் போன்றது. இந்த உவமையை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு மாறவே மாறாது.

ஜெர்மன் சமூகவியலாளர் வெபரின் 'ஐடியல் டைப்'பும் இப்படித்தான். 'ஐடியல்' என்பதால் "சிறந்த அதிகார அமைப்பு" என்று எழுதினால் போச்சு. அது சிறந்ததும் இல்லை, அப்படியே எங்கும் இருப்பதும் இல்லை. ஒன்றின் முக்கியக் கூறுகளைச் சற்று மிகைப்படுத்தி வரைந்துகொண்டு, நிஜத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. சிறுபான்மை என்ற சொல்லும் எண்ணிக்கை மட்டும் அல்ல. பெரும் பணக்காரர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவுதான், ஆனால் அவர்களைச் சமூகவியல் சிறுபான்மை என்று சொல்லாது. எண்ணிக்கையோடு ஏதோ ஒரு பின்தங்கலும், 'நாங்கள் ஒரு குழு' என்ற உணர்வும் சேர்ந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 'கம்யூனல்' என்ற சொல்லை நாம் கம்யூனிட்டி சர்டிபிகேட்டோடும், நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வந்த கம்யூனல் ஜி.ஓ.வோடும் (அரசு வேலையில் சமூகவாரி இடஒதுக்கீட்டுக்கான அரசாணை) சேர்த்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனால் 'கம்யூனலிசம்' பற்றிக் கேட்டால் இடஒதுக்கீட்டையும் சாதியையும் எழுதுகிறார்கள். பாடப்புத்தகம் பேசுவது மத அடையாளத்தின் பெயரால் இன்னொரு மதத்தாரைப் பகைவராகக் காட்டும் அரசியலைப் பற்றி.

அடுத்து இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். இவர் பெயர் இல்லாமல் வினாத்தாள் வருவது அரிது. 'சமஸ்கிருதமயமாதல்' என்றால் சமஸ்கிருதம் படிப்பது என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மொழியைப் படிப்பது அல்ல இது. ஒரு சாதி தனக்கு மேலே உள்ள சாதியின் சடங்கு, உணவு, வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பின்பற்றி அந்தஸ்து கோருவதுதான் அது. இதோடு நிறுத்தினால் பாதி விடைதான். அந்தச் சாதி ஒரு படி ஏறலாம், ஏணி அப்படியேதான் நிற்கும். மேல்சாதி வழக்கமே உயர்ந்தது என்பதையும் இது ஒப்புக்கொண்டுவிடுகிறது. இந்த விமர்சனங்களை எழுதாமல் முழு மதிப்பெண்ணை எதிர்பார்க்க முடியாது.

'ஆதிக்கச் சாதி' என்பதற்குப் பெரும்பாலோர் பிராமணர் என்று எழுதுகிறார்கள். சீனிவாஸ் 1948-இல் மைசூர் அருகே ராம்புரா என்ற ஊரில் மாதக்கணக்கில் தங்கிக் கண்டதே வேறு. சடங்கில் பிராமணர் மேலே இருந்தார்கள். நிலமும் ஆள்பலமும் வைத்திருந்த ஒக்கலிகர்களின் சொல்தான் ஊரில் நின்றது. எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு என்ற மூன்றையும் எழுதி, ஆந்திராவின் ரெட்டிகள், கம்மாக்கள் என்று ஓர் உதாரணமும் சேருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் தவறுக்கு வருகிறேன். பெண் குழந்தைகள் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கேட்டால், "வறுமை, படிப்பறிவின்மை" என்று கை தானாக எழுதிவிடுகிறது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பஞ்சாபில் 798 பெண் குழந்தைகள், ஹரியானாவில் 819. இரண்டும் ஏழை மாநிலங்கள் அல்ல. ஸ்கேன் எடுக்கப் பணமும், 'ஒன்றிரண்டு போதும்' என்ற திட்டமும், அதில் ஆண் வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்த இடத்தில்தான் பிறக்கும் முன்பே பெண்ணை விலக்கினார்கள். 'ஏழைகள் அறியாமையால் செய்கிறார்கள்' என்று எழுதும்போது விடை தவறுவது மட்டுமல்ல, குற்றமும் வேறு யார் தலையிலோ போய் விழுகிறது. ஏழ்மைக்குச் சோம்பல் காரணம் என்று எழுதுவதும் இதே ரகம். கல் உடைப்பவரையும் மூட்டை தூக்குபவரையும் பார்த்த எவருக்கும் அந்த வாக்கியம் கூச வேண்டும்.

எண்களில் இன்னொரு கவனம். 1991-இல் நாட்டின் மொத்தப் பாலின விகிதம், அதாவது எல்லா வயதிலும் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது, 927. 2001-இல் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமான குழந்தைப் பாலின விகிதமும் 927. ஒரே எண், இரண்டு வேறு அளவைகள். மொத்த விகிதம் 2001-இல் 933, 2011-இல் 943 என்று ஏறியபோது குழந்தை விகிதம் இறங்கிக்கொண்டிருந்தது. இதைக் குழப்பினால் விடையின் வாதமே தலைகீழாகிவிடும்.

விடை எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, 6 மதிப்பெண் கேள்விக்கு நேரமில்லாமல் நிற்காதீர்கள். அண்ணனோ அக்காவோ தந்த பழைய நோட்ஸை மட்டும் நம்பாதீர்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடப்புத்தகங்களில் 2022 முதல் பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன. உங்கள் ஆண்டின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

அப்புறம் ப்ராஜெக்ட். தேர்வுக்கு 80, இதற்கு 20. "சமூக ஊடகத்தின் தாக்கம்" மாதிரி வானளவு தலைப்பு வேண்டாம். "எங்கள் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் 12 பெண்களுக்கு வார விடுமுறை உண்டா?" என்பது போதும். செய்ய முடியும், சொல்லவும் ஏதாவது இருக்கும். கேள்வியே பதிலைத் தூண்டும்படி இருக்கக் கூடாது. "பெண்களைப் படிக்க வைக்க வேண்டுமா?" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? "போன வருடம் உங்கள் வீட்டில் டியூஷனுக்குப் போனது யார்?" என்று கேளுங்கள். பேசுபவரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள், பெயரை எழுதாதீர்கள்.

படிவங்களைத் தாங்களே உட்கார்ந்து நிரப்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வாய்மொழித் தேர்வில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "நீ எதிர்பார்க்காத பதில் எது?" வீடு வீடாகப் போன பிள்ளை உடனே ஆரம்பித்துவிடும்: "ஒரு அம்மா வாசலிலேயே நிறுத்திட்டாங்க, அப்புறம் அவங்களே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க..."