அரை மணி நேரம் நில்லாமல் ஓட முடிந்த பிறகு

நடையும் ஓட்டமுமாகத் தொடங்கி, அரை மணி நேரம் நில்லாமல் ஓடும் நிலையை எட்டிவிட்ட டர்பன்வாசிகள் பலருக்கு உடனே கம்ரேட்ஸ் மராத்தான் நினைவுக்கு வந்துவிடுகிறது. 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடந்துவரும், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓட்டத்தை வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் ஊரில் இந்த ஆசை எழுவது இயல்புதான். ஆசை இருக்கட்டும், ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளாவது அவகாசம் கொடுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அந்த அளவுக்கு உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காததால் 'இன்னும் ஓடலாம்' என்று தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் அதிகமாகக் காயப்படுகிறார்கள்.

எனவே முதலில் கூட்ட வேண்டியது வேகத்தை அன்று, ஓடும் நாட்களை. வாரம் மூன்று நாள் ஓடுபவர், நான்காவது நாளாக இருபது நிமிட மெல்லோட்டம் ஒன்றைச் சேர்த்து மூன்று நான்கு வாரங்கள் அப்படியே பழகட்டும். உடல் அதை ஏற்றுக்கொண்ட பின், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் நீட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் சற்றுக் குறைத்து, மெதுவாக ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். நாள், தூரம், வேகம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். அப்போதுதான் வலி வந்தால் அதற்குக் காரணம் எது என்பது தெரியும்.

இந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை, உடன் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த் போன்ற மேடான பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது கடினம். ஏற்றத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் தயங்காமல் நடந்து ஏறுங்கள். கம்ரேட்ஸில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட ஏற்றங்களில் நடக்கிறார்கள். சமதளம் வேண்டுமென்றால் கடற்கரை நடைபாதை இருக்கிறது. சாலையில் ஓட நேர்ந்தால், நம் தென்னாப்பிரிக்காவில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், எதிரே வரும் வண்டி கண்ணில் படுமாறு வலப்புறம் ஓடுங்கள். விடியுமுன் தனியாகப் போகாதீர்கள்.

வேகத்தைத் தொட விரும்பினால், மெல்லோட்டத்தின் முடிவில் இருபது விநாடி விரைந்து ஓடி, மூச்சு முழுதும் தணியும்வரை நடப்பதை நான்கு முறை செய்தால் முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும். முன்னேற்றத்தை அளக்க, சனிக்கிழமைகளில் கட்டணமின்றி நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் மிகப் பொருத்தமானது. கம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்தான் 2011இல் அதைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை மட்டும் அதில் முழு முயற்சியோடு ஓடி, மற்ற வாரங்களில் நிதானமாக ஓடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான புழுக்கத்தில் வியர்வை உலராததால் உடல் சூடு தணிவதில்லை. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பாராமல் மூச்சைக் கவனித்து ஓடுங்கள். ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுவதால் அதிகாலையே ஏற்ற நேரம். தைப்பூசக் காவடி விரதமும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. விரத நாட்களில் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டு, சிறிது தூரம் மட்டும் மெதுவாக ஓடுவதே நல்லது. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதை 1985இலேயே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ்.

கெண்டைக்கால் பயிற்சியை எவரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, குதிகால்களை உயர்த்தி, மூன்று வரை எண்ணியபடி படியின் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். இதைப் பன்னிரண்டு முறை, வாரம் மூன்று நாள் செய்தால் போதும். சில மாதங்களுக்குப் பின் ஒற்றைக் காலில் செய்யலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் இதனால் வலுப்பெறும்.

முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் வலி கண்டால், விரல் நுனியால் எலும்பு நெடுகிலும் அழுத்திப் பாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, தணிகிறதா என்று சில நாட்கள் கவனிக்கலாம். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு மணி நேர ஓட்டம் இயல்பாகிவிட்டால் 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம். சாலைப் பந்தயங்களில் ஓடுபவருக்கு உரிமம் வேண்டும் என்பதால், அதைக் கழகம் வழியாகப் பெற அக்கம்பக்கத்து ஓட்டக் கழகம் ஒன்றில் சேர்ந்துவிடுவது எளிது. அங்கே உங்கள் வேகத்தில் ஓடும் துணையும் கிடைக்கும்.