கூரை திறக்கும் சின்னக் காருக்கு நல்ல ஒலி: முதல்முறை கைவைப்பவர்களுக்குப் படிப்படியாக

கூரையை மடக்கிவிட்டு வண்டியைக் கிளப்பி வேகமெடுங்கள். பாட்டில் முதலில் காணாமல் போவது பேஸ்தான். வண்டி நின்றிருந்தபோது மிருதங்கத்தின் தொப்பியும் கேட்டது, வலந்தலையும் கேட்டது. வேகம் கூடக்கூட வலந்தலை மட்டும் மிஞ்சும். இன்னும் வேகம் போனால் பாடகரின் குரலில் மெய்யெழுத்துகள் மங்கிவிடும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. காற்றின் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த அலைவரிசைகளில்தான் இருக்கிறது, அதனால் அது பேஸை நேராக மூடிவிடுகிறது. இன்னொன்று, மூடிய காரின் உட்பகுதி ஒரு சின்னப் பெட்டி மாதிரி. ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்ந்து காற்றைத் தள்ளும் கூம்பு, முன்னும் பின்னும் போகும்போது உள்ளே இருக்கும் காற்று முழுவதும் அழுந்தி விரிவதால் தாழ்ந்த ஒலிகள் தானாகவே எழும்பிக் கேட்கும். கூரையைத் திறந்தால் அந்த இலவச உதவி போய்விடும்.

இதைச் சரிசெய்ய எல்லோரும் முதலில் செய்வது, அதிக வாட் போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்குவது. நான் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். காற்றோடு வாட்டை வைத்து மல்லுக்கு நின்றால் தோற்பது நாம்தான். கதவைச் சரிசெய்வது, குறைந்த வாட்டில் நன்றாகப் பேசும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது, ஒலியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது ஆகிய மூன்றும் முதலில். ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) அதற்குப் பிறகு.

உதாரணத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். 1989 முதல் வரும் இரண்டு சீட் வண்டி, இந்த வேலைக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் கார். உங்களுடையது வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

வாங்கும் முன்

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கும் உச்ச அளவு. சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஒரு எண் இருக்கும், அதுதான் தொடர்ந்து தாங்கும் அளவு. டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியான ஹெட் யூனிட்டிலும் இதே கதை. மேலே 50×4 என்று அச்சடித்திருந்தாலும், சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் இணைப்புக்கு, 15 முதல் 20 வாட் ஆர்எம்எஸ்தான் உண்மையில் வரும்.

அடுத்து சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. ஒரு ஸ்பீக்கர் 88, இன்னொன்று 91 என்றால், இரண்டாவது பாதி வாட்டிலேயே முதலாவதின் சத்தத்தைக் கொடுத்துவிடும். திறந்த காருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

கோன் எதனால் ஆனது என்றும் கேளுங்கள். காகிதக் கோனும் ஸ்பாஞ்ச் விளிம்பும் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் உதிரும். பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு இருந்தால் நல்லது. படகுகளுக்கென்று செய்யும் மரைன் ஸ்பீக்கர்கள் வெயிலையும் தண்ணீரையும் தாங்கவே வடிவமைக்கப்பட்டவை, அவையும் இந்த வேலைக்குப் பொருந்தும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்

கதவுக் கண்ணாடியை முதலில் கீழே இறக்கிவிடுங்கள். கூரை திறக்கும் கார்கள் பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்கு மேல் சட்டம் கிடையாது. சில வண்டிகளில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகவே கொஞ்சம் கீழிறங்கி ரப்பரிலிருந்து விலகும். பேட்டரி இல்லாவிட்டால் அது இறங்காது, நீங்கள் இழுத்துச் சாத்தினால் ரப்பர் கிழியும். பழைய ஹெட் யூனிட் கோட் கேட்கும் ரகமாக இருந்தால் அதையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகளில் பேட்டரி இருப்பது டிக்கியில். ஆம்ப்பையும் அங்கேயே வைத்தால் பவர் வயர் ஓட வேண்டிய தூரம் மிகக் குறைவு. மஞ்சள் நிறக் கனெக்டர் எங்கே கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக்குக்குப் போவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடுங்கவோ மீட்டர் வைத்துச் சோதிக்கவோ கூடாது.

கதவு

இந்த முழு வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. முதலில் கழற்ற வேண்டியது கதவின் உள்பக்க அட்டை மூடி, அதாவது டிரிம். கைப்பிடிக் கிண்ணத்துக்குள்ளும் இழுகைப்பிடிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியைக் கீழ் ஓரத்தில் நுழைத்து, கிளிப்புக்கு நேர் பக்கத்தில் நெம்புங்கள். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் நெம்பினால் அட்டை மடிந்துவிடும். ஒவ்வொரு கிளிப்பும் 'டப்' என்று விடும். கடைசியில் டிரிம்மை நேராக மேலே தூக்கினால் கையோடு வரும். கதவுத் தாழ்ப்பாளின் கம்பியும் ஜன்னல் சுவிட்சின் வயரும் இன்னும் பிடித்திருக்கும் என்பதால் சட்டென்று இழுத்துவிடாதீர்கள்.

டிரிம்முக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், கறுப்புப் பிசின் கொண்டு ஒட்டியிருக்கும். அதைச் சுற்றி மெல்லப் பிரித்தெடுங்கள். இப்போது கதவின் உள் தகடு தெரியும். உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இரண்டு மூன்று இருக்கும். வெளித் தகட்டை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், காலித் தகர டப்பா மாதிரி கணகணக்கும்.

ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் அதே வேளையில் பின்னால் இழுக்கிறது. பின்பக்க ஒலி இந்த ஓட்டைகள் வழியாக முன்பக்கம் வந்து கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இதில் பெரிதும் அடிபடுவது பேஸ்தான். காற்று ஏற்கெனவே பேஸைத் தின்றுகொண்டிருக்கும் காரில் இதையும் விட்டுவைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

ஆகவே வெளித் தகட்டின் உள்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டும் தாள்) துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, உருளையால் அழுத்தித் தேயுங்கள். அலுமினிய மேற்பரப்பில் இருக்கும் புடைப்புகள் தட்டையாகும்வரை தேய்க்க வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால்வாசிப் பரப்பு இருந்தாலே கணகணப்பு நின்றுவிடும். மறுபடி தட்டிப் பாருங்கள், மரக்கதவைத் தட்டுவது மாதிரி 'தொப்' என்று கேட்கும். உள் தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடோ பிளாஸ்டிக் தகடோ வெட்டி வைத்து, அதன்மேல் ஷீட்டை ஒட்டி அடையுங்கள். ஷீட்டை மட்டும் ஒட்டினால் வெயிலில் இளகித் தொங்கும்.

ஒரு எச்சரிக்கை. கதவின் உட்புறம் நனையும் இடம். ஜன்னல் இடுக்கு வழியாக மழை நீர் உள்ளே இறங்கி, அடியிலுள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே போகும்படிதான் எல்லாக் கதவையும் செய்திருக்கிறார்கள். அந்தத் துளைகளை ஷீட்டோ பிசினோ அடைத்துவிட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்கமாக ஊற்றி, அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர் பொருத்துதல்

காந்தத்தின் ஆழம்தான் இங்கே சிக்கல். நான் முதன்முதலில் செய்தபோது கண்ணாடியை ஏற்றி வைத்தபடியே ஸ்பீக்கரை முடுக்கிவிட்டேன். கண்ணாடியை இறக்கியதும் 'டக்' என்று காந்தத்தில் இடித்து நின்றது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. எனவே முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கி, மவுண்ட் தளத்திலிருந்து கண்ணாடிவரை அளந்துகொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்பேசர் வளையம் வைக்கலாம். மர வளையம் வைத்தால் ஈரத்தில் ஊதும்.

வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரை உறிஞ்சாத நுரைப் பட்டை ஒன்று கட்டாயம். ஸ்பீக்கரின் முகத்தைச் சுற்றியும் ஒரு பட்டை ஒட்டி, அது டிரிம்மின் கிரில்லைத் தொடும்படி செய்யுங்கள். அப்போதுதான் ஒலி டிரிம்முக்குள் சிதறாமல் வெளியே வரும்.

பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே துள்ளும். ஒரு கதவில் மட்டும் மாறிப் போனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து பேஸ் மாயமாகிவிடும்.

உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாக வரும் செட் என்றால் அதைக் கதவின் அடியில் வைக்காதீர்கள். உயர்ந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், உங்கள் முழங்காலே மறைத்துவிடும். கண்ணாடியின் முன் மூலையில், ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்தபடி வையுங்கள்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகள் சிலவற்றில் ஹெட்ரெஸ்ட்டுக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர்கள் வந்தன. திறந்த காருக்கு அது அருமையான யோசனை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து 80 செ.மீ., ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர் 20 செ.மீ. என்றால் தூரத்தால் மட்டுமே 12 டெசிபல் லாபம். உங்கள் சீட்டில் அந்த வசதி இருந்தால் பழைய ஸ்பீக்கரை மாற்றி, மெதுவான சத்தத்தில் ஓட விடுங்கள். ஏர்பேக் இருக்கும் சீட்டைக் கிழித்துப் புதிதாக வைக்க முயலாதீர்கள்.

ஹெட் யூனிட்

இது எளிது. ஹெட் யூனிட்டின் முகப்பு அளவை டின் என்று சொல்வார்கள்: ஒற்றை டின் 180×50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180×100. உங்கள் வண்டிக்கான அடாப்டர் வயரிங்கை வாங்கி, நிறத்துக்கு நிறம் இணையுங்கள். மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயர். காரின் சொந்த வயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. வெயில் நேராக விழும் காரில் பளபளப்பான பெரிய திரை கண்ணுக்குத் தெரியாது. திருகும் வால்யூம் குமிழ் இருக்கும் சாதாரண யூனிட்டே கைக்கு வசதி.

ஆம்ப்ளிஃபயர்

சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் கொடுக்கும் நான்கு சேனல் கிளாஸ்-டி ஆம்ப் போதும். அளவில் சின்னது, சூடும் குறைவு. முன் இரண்டு சேனல் கதவுகளுக்கு, பின் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி (இதைத்தான் பிரிட்ஜ் செய்வது என்பார்கள்) பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு.

பவர் வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டு விற்பது அதே தடிமனில் குறைந்த கரண்டைத்தான் தாங்கும். இந்த அளவு ஆம்புக்கு 8 கேஜ் தடிமன் சரி. பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, ஆம்ப்பை அல்ல. வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால், ஃப்யூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள்.

எர்த் வயர் அரை மீட்டருக்குள் முடியட்டும். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் போல்ட் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙீஈஈ' சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் பெரும்பாலும் இந்த எர்த்தில்தான் கோளாறு. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைப் பவர் வயர் போகும் பக்கத்தில் இழுக்காமல் வண்டியின் மறுபக்கமாக இழுங்கள். டிக்கியின் தரை மழைநீர் தேங்கும் இடம், ஆம்ப்பைத் தரையில் படுக்க வைக்காமல் பக்கச் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, டிக்கியில் பெரிய பெட்டி வைப்பது வீண். இரண்டு சீட் வண்டியில் டிக்கிக்கும் உட்பகுதிக்கும் நடுவில் பெரும்பாலும் முழுத் தகடு இருக்கும், பேஸ் டிக்கியிலேயே அடைந்து கிடக்கும். பக்கத்து சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தின் முன்சரிவில் மெல்லிய மூடிய பெட்டியாக 8 அங்குலம் ஒன்று வைத்தால் வேலை முடியும்.

டியூனிங்

ஆம்ப்பில் இருக்கும் கெயின் குமிழை வால்யூம் என்று நினைத்துத் திருகுவதுதான் ஸ்பீக்கர்கள் கருகுவதற்குப் பெரிய காரணம். ஹெட் யூனிட் அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. மல்ட்டிமீட்டர் இருந்தால் இதைக் கணக்காகவே செய்யலாம்.

ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஹெட் யூனிட்டின் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யத்தில், வால்யூம் முக்கால் அளவில். 1000 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் சோதனை ஒலியை ஓட விடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் வெளியீட்டில் பிடியுங்கள். வர வேண்டிய வோல்ட், வாட்டையும் ஓமையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 50 வாட், 4 ஓம் என்றால் பெருக்கினால் 200, வர்க்கமூலம் ஏறக்குறைய 14.1. மீட்டர் 14.1 காட்டும்வரை கெயினை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். சப் சேனலுக்கு அதற்குரிய வாட், ஓம் எண்களைப் போட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து இதையே செய்யலாம்.

கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹைபாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது) 80 என்று தொடங்குங்கள். ஹெட் யூனிட்டில் டைம் டிலே இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 செ.மீ. போகிறது. உங்கள் பக்கத்துக் கதவு மற்றதைவிட 50 செ.மீ. கிட்டே இருந்தால், அதை 1.5 மில்லி நொடி தாமதப்படுத்துங்கள். குரல் உங்கள் பக்கத்திலிருந்து நகர்ந்து எதிரே, டேஷ்போர்டின் மேல் வந்து நிற்கும். முதல்முறை அதைக் கேட்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கடைசியாக இரண்டு செட்டிங் சேமியுங்கள். ஒன்று கூரை மூடியதற்கு. மற்றது திறந்ததற்கு: கதவின் ஹைபாஸை 100க்கு ஏற்றி, சப்பைக் கொஞ்சம் கூட்டி, குரலின் தெளிவு இருக்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியை 2, 3 டெசிபல் உயர்த்துங்கள். இதை வண்டியை நிறுத்திவைத்துத்தான் செய்ய வேண்டும், ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து திருத்துங்கள். காதையும் நினைவில் வையுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு வரம்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் காற்றே அந்த அளவை நெருங்கும். அங்கே கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டால் இரைச்சல் குறையும், வால்யூமையும் அந்த அளவுக்குக் குறைக்கலாம்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டையும் ஃப்யூஸ் பெட்டியின் ஸ்க்ரூக்களையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள். கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கமாக இன்னொரு குவளைத் தண்ணீரையும் ஊற்றி, அடித்துளைகளில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.