முதலில் 1990, சொந்தக்காரர் அப்புறம்

யாழ்ப்பாணத்தில் நிற்கும்போது வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டால், 1990 என்ற எண்ணை அழுத்துங்கள். இலவச அம்புலன்ஸ், இரவு பகல் எந்நேரமும் வரும், தமிழிலேயே பேசலாம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கு வந்த சேவை இது. அதற்கு முன்பே வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட எங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நோயாளியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒருவர் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய காலம்தான் எங்கள் மனதில் நிற்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. அங்கே அம்புலன்ஸில் ஏறினால் பிறகு தபாலில் பில் வரும்: உண்மையான அவசரம் என்றால் 45 டொலர், தேவையில்லாமல் ஏறினீர்கள் என்றால் 240. அந்தக் கணக்கை ஊரில் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இந்த முறை வடமராட்சியில் என் பெரியம்மாவுக்கு விடியப்புறம் நெஞ்சுநோ வந்தது. வேர்த்துக் கொட்டியது, இடது தோள் இழுக்கிறது என்றார். நான் போனை எடுத்தேன். சித்தப்பா கையைப் பிடித்துவிட்டார். “கனடாவில இருந்து பிள்ளை வந்து நிக்கேக்க, அவவை அரசாங்க ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் கிடத்தினா சனம் என்ன சொல்லும்?”

வான்காரரைத் தேடி ஆள் போனது. ஒருவர் நெஞ்சில் தைலம் தேய்த்தார், ஒருவர் வாய்வுதான் என்று இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தார். உடுத்த சேலையோடு போகக்கூடாது என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுசியை நிற்கவைத்து நல்ல சேலை மாற்றினார்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்டத்தான். அதை விட்டுவிட்டு, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுண்டரில் முதலில் முற்பணம் கட்டச் சொன்னார்கள். அப்புறம் ஈசிஜி. அப்புறம், “இது மாரடைப்பு, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேணும்” என்றார்கள். அரசாங்கத்தின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1990 வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ ஏற்றி, அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் சேவை; ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு அது வராது. ஆகவே அந்தச் சின்னத் தூரத்துக்குத் தனியார் அம்புலன்ஸ். ஓட்டத்துக்கு ஒரு காசு, ஒட்சிசனுக்கு ஒரு காசு, கூட வந்த தாதிக்கு ஒரு காசு.

பெரியாஸ்பத்திரியில் யாரும் காசு கேட்கவில்லை. வார்டில் நெருக்கடிதான், பார்க்க வருகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. பெரியம்மாவைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

அதோடு முடியவில்லை. அடுத்த நாளே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சித்தப்பா நின்றார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர், வீதியால் ஏழெட்டு மணி நேரம், இருதயம் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவரோடு. நான் தயங்க, “காசுதானே யோசிக்கிறாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் இல்லாத காலமெல்லாம் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்றவர் அவர். அவருக்கு முன்னால் என்னிடம் இருந்தது காசு ஒன்றுதான், அதையும் இறுக்கிப் பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். நீங்கள் வாதாடாதீர்கள். உங்கள் சித்தப்பாவை வைத்தியருக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், கேட்க வேண்டியதை அவரையே கேட்க வையுங்கள். “இப்ப அசைக்கக்கூடாது” என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் எங்கள் வீடு அடங்கியது.

நெஞ்சுநோ மட்டுமல்ல. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை விழுந்தாலோ உடனே 1990. பாரிசவாதத்துக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதுவும் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், நிற்காத இரத்தம் எல்லாம் இதே கணக்குத்தான். பாம்புக்கடிக்கு வெட்டவோ உறிஞ்சவோ வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீதி விபத்தில் விழுந்தவரை ஓட்டோவுக்குள் மடக்கித் திணிக்காதீர்கள், கழுத்து எலும்பு போய்விடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரலில் வெட்டு என்றால் ஓட்டோ போதும். அந்த நேரம் வேறொருவருக்கு அம்புலன்ஸ் தேவைப்படலாம்.

தனியார் அம்புலன்ஸ் பிடிக்கத்தான் வேண்டுமென்றால், ஏற்றுவதற்கு முன் கேளுங்கள்: கிலோமீற்றர் கணக்கா, மொத்தமா? வெறுமையாகத் திரும்பிவரும் ஓட்டமும் அதற்குள் அடங்குமா? ஒட்சிசனும் தாதியும் சேர்த்தா? பற்றுச்சீட்டு தருவார்களா? நோயாளி நீங்களே என்றால் அந்தப் பற்றுச்சீட்டில் கடவுச்சீட்டிலுள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஒன்ராறியோவின் அரசாங்க மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டு அம்புலன்ஸுக்குக் காசு தராது, பயணக் காப்புறுதியிடம்தான் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலிலுள்ள நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலால் வர ஒரு மணி நேரம் அளவு ஆகும். இருதய வருத்தக்காரரோடு போனால் பின்னேரப் படகிலேயே திரும்பிவிடுங்கள்.

அம்புலன்ஸை அழைத்தால் இடம் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. “வைரவர் கோவிலடியால் உள்ளுக்கு, மூன்றாவது படலை” என்று சொன்னாலும், ஒருவர் சந்தியில் ரோச் லைட்டோடு நிற்க வேண்டும். படலைப் பூட்டைத் திறந்து, நாயைக் கட்டிவிடுங்கள். அடிக்கடி அழைத்துப் பாதை கேட்பார்கள், உள்ளூர் சிம் போட்ட போனை யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

வெளிக்கிடுவதற்கு முன், தனியே இருக்கிற உங்கள் ஆட்களுக்கு இதெல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், படலைத் திறப்பின் இன்னொரு பிரதி எந்த அயலவரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் சித்தப்பாவின் போனில் 1990ஐ அவர் முன்னாலேயே பதிந்து கொடுத்தேன். “இதுக்குக் காசில்லையோ?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார்.